கடன் நிவாரணமும் வெளிநாட்டு உதவியும் ஏழை நாடுகளுக்கு உதவுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். 2022இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாமல் விழுந்த பிறகு மாணவர்களும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும், பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். விவாதப் போட்டிகளிலும் இந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

சேர், கடன் நிவாரணம் எண்டால் கடனை அப்படியே மன்னிச்சு விடுறதா?

பெரும்பாலும் அப்படி இல்லை. வட்டியைக் குறைக்கலாம், தவணையைப் பல வருடம் தள்ளிப் போடலாம், முதல்தொகையில் (எடுத்த மூலக் கடனில்) ஒரு பகுதியை வெட்டலாம். செய்திகளில் ‘கடன் மறுசீரமைப்பு’ என்று வருவது இந்த மூன்றின் ஏதோ ஒரு கலவைதான். முழுத் தள்ளுபடி அபூர்வம்.

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரி நொடித்துப் போனால், கடன் கொடுத்தவர்கள் கூடிப் பேசி, ‘இவ்வளவாவது தா, மிச்சத்தை விடுகிறோம்’ என்பார்கள். கடையை மூடவைத்தால் அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. நாட்டுக்கும் கணக்கு அதுதான். ஆனால் வியாபாரிக்கு வங்குரோத்துச் சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு. நொடித்துப்போன நாட்டுக்கு உலகத்தில் எங்கேயும் அப்படியொரு நீதிமன்றம் இல்லை. கடன் கொடுத்தவர் ஒவ்வொருவரோடும் பேரம் பேசித்தான் ஆகவேண்டும். சாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது. பிணைமுறிக்காரர்களோடு, அதாவது அரசாங்கம் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களை வாங்கியவர்களோடு, ஒப்பந்தம் முடிய 2024 ஆகிவிட்டது. இடைப்பட்ட அந்த வருடங்களில் புது முதலீடு வராது, ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கவும் காசு இருக்காது. தாமதத்தின் விலையைக் கொடுப்பது அந்த நாட்டுச் சனங்கள்தான்.

வெளிநாட்டு உதவி எண்டு பேப்பரில போடுறாங்கள். அது சும்மா தாற காசா, கடனா?

இரண்டையும் ஒரே சொல்லில் போடுவதுதான் குழப்பம். பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம் சீனா தந்த நன்கொடை. விக்டோரியா அணைக்கட்டில் பெரும்பங்கு பிரித்தானிய நன்கொடை. 2022இல் தமிழ்நாட்டில் இருந்து கப்பலில் வந்த அரிசியும் பால்மாவும் மருந்தும் நன்கொடை. இவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அதே வருடம் இந்தியா எரிபொருளுக்கும் உணவுக்கும் திறந்துவிட்ட கடன் வசதிகள் கடன்தான். அந்த நேரத்தில் வேறு யாரும் தராததைத் தந்தார்கள் என்பது உண்மை. அது கணக்கில் கடனாக ஏறியது என்பதும் உண்மை.

கடனிலும் சலுகைக் கடன் வேறு, சந்தைக் கடன் வேறு. கோட்டையில் இருந்து மாலபேக்கு இலகு ரயில் போட ஜப்பான் தர ஒப்புக்கொண்ட கடனுக்கு வட்டி 0.1 வீதம், கட்டி முடிக்க 40 வருடம், முதல் 12 வருடம் முதல்தொகையைக் கட்டத் தேவையில்லை. 2020இல் அந்தத் திட்டத்தை அரசாங்கமே ரத்துச் செய்தது. மறுபக்கம், 2007இல் இலங்கை முதன்முதலாக விற்ற சர்வதேசப் பிணைமுறி 500 மில்லியன் டொலர். ஐந்தே வருடம், வட்டி 8.25 வீதம். யாராவது ‘வெளிநாட்டுக் காசு வருகுது’ என்று சொன்னால் முதலில் வட்டியையும் வருடத்தையும் கேளுங்கள்.

எங்கட நாடு விழுந்ததுக்குச் சீனாக் கடன்தானே காரணம்?

இல்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, சீனாவுக்குச் சேரவேண்டியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சர்வதேசப் பிணைமுறிகள் சுமார் மூன்றில் ஒன்று, அதுவும் வட்டி கூடினது, தவணை குறுகினது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்துக் கிடைத்த 1.12 பில்லியன் டொலர், நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் அப்படியே இருந்தது. ‘கடனுக்குப் பதிலாகத் துறைமுகம்’ என்று விவாத மேடையில் சொல்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சீனக் கடனில் பிழை இல்லை என்று சொல்லவில்லை. சீனக் கடனில் கட்டி விமானம் அதிகம் வராத மத்தள விமான நிலையத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்தாலே போதும். ஆனால் 2019 இறுதியில் வற் வரியை (பெறுமதி சேர் வரியை) 15இல் இருந்து 8 வீதமாக வெட்டியது பீஜிங் அல்ல. கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தபோது 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலரைப் பிணைமுறிக்காரர்களுக்குக் கட்டியதும் இங்கே எடுத்த முடிவு. மே மாதம் பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் கீழே போய்விட்டது என்று நிதி அமைச்சராக இருந்தவரே சொன்னார். எரிவாயு சிலிண்டருக்கு நாங்கள் விடியவிடிய வரிசையில் நின்ற அந்த மாதங்களில், அந்த 500 மில்லியன் எத்தனை கப்பல் எரிவாயுவாக வந்திருக்கும் என்று யோசித்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கடனைக் குறைச்சதால உருப்பட்ட நாடு ஒண்டைச் சொல்லுங்கோ பார்ப்பம்.

மேற்கு ஜேர்மனி. 1953இல் லண்டனில் செய்த ஒப்பந்தத்தில் அதன் கடனில் ஏறக்குறைய பாதியை வெட்டினார்கள். மிச்சத்தையும் ஏற்றுமதியில் மிஞ்சுகிற காசில் இருந்து கட்டும் அளவுக்கு வைத்தார்கள். ஜேர்மன் பொருள் வாங்கினால்தான் ஜேர்மன் கடன் திரும்பும் என்று கடன் கொடுத்த நாடுகளே உணர்ந்த ஏற்பாடு அது. இதில் எங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது: அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 

ஏழை நாடு வேண்டும் என்றால் உகண்டா. 1997இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். மாணவர் தொகை ஏறக்குறைய 30 இலட்சத்தில் இருந்து 50 இலட்சத்துக்கு மேல் பாய்ந்தது. அடுத்த வருடம், கடுமையாகக் கடன்பட்ட ஏழை நாடுகளுக்கான திட்டத்தில் முதல் நாடாக நிவாரணம் பெற்றது. மிஞ்சிய காசை வறுமை ஒழிப்புக்கு என்று தனியாக ஒதுக்கி, பள்ளிக்கும் கிராமத்து வீதிக்கும் தண்ணீருக்கும் செலவழித்தார்கள். வகுப்புகள் நிரம்பி வழிந்தன, படிப்பின் தரம் அடிவாங்கியது, அதுவும் உண்மை. ஆனால் வகுப்புக்கே வராத பிள்ளைக்குத் தரம் என்று ஒன்றே இல்லை.

அப்ப சாம்பியாவும் கானாவும் ஏன் திரும்பவும் விழுந்தது?

நல்ல கேள்வி, எதிரணி கட்டாயம் இதைத்தான் எடுக்கும். கானாவுக்கு 2004இல், சாம்பியாவுக்கு 2005இல் பெரிய நிவாரணம் கிடைத்தது. சாம்பியா 2020இலும் கானா 2022இலும் தவணை தவறின.

இடையில் நடந்ததைப் பாருங்கள். கடன் குறைந்ததும் கணக்குப் புத்தகம் சுத்தமாகத் தெரிந்தது. சந்தைக்காரர்கள் வந்தார்கள். சாம்பியா 2012இல் 750 மில்லியன் டொலர் பிணைமுறி விற்றது, பிறகு 2014இலும் 2015இலும் இன்னும் பெரிய தொகைகளுக்கு விற்றது. நாட்டின் டொலர் வருமானமோ அதே செம்புதான். செம்பு விலை விழுந்ததும் தவணை கழுத்தைப் பிடித்தது. நிவாரணம் பழைய கடனைத் துடைத்தது. புதுக் கடன் எப்படி, எதற்கு, என்ன வட்டியில் என்று கேட்க அதில் ஏற்பாடு இருக்கவில்லை. இலங்கையின் 2007 பிணைமுறியைப் பற்றி மேலே சொன்னேன். கானாவும் தன் முதல் பெரிய பிணைமுறியை அதே வருடம்தான் விற்றது.

ஏழை நாடுகளுக்குக் கடனைத் தள்ளினவங்கள், எங்களுக்கு மட்டும் ஏன் தரேல்ல?

உகண்டா பற்றிய பதிலில் சொன்ன அந்த ஏழை நாடுகள் திட்டம் 1996இல் தொடங்கியது. 2005இல் ஸ்கொட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடிய ஜி8 என்ற எட்டுப் பெரிய நாடுகள் அதை விரிவாக்கின. மொத்தம் 37 நாடுகளுக்கு 100 பில்லியன் டொலருக்கு மேல் குறைந்தது. 2006இல் தகுதிப் பட்டியலில் இலங்கையும் இருந்தது. எங்களுக்கு வேண்டாம் என்று இலங்கை ஒதுங்கிக்கொண்டது. பூட்டானும் லாவோஸும் அப்படியே செய்தன. ‘கடன்பட்ட ஏழை நாடு’ என்ற பெயர் வந்தால் சந்தையில் கடன் எடுக்க முடியாது என்ற கவலை இருந்த காலம். அடுத்த வருடமே சந்தைக்குப் போனோம்.

சரி, 2022க்குப் பிறகு எங்களுக்கு எவ்வளவு குறைஞ்சது?

ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையிலான நாடுகளின் குழுவோடு 2024 ஜூனில் 5.8 பில்லியன் டொலருக்கு ஒப்பந்தம். முதல்தொகையில் வெட்டு இல்லை. வட்டி குறைந்தது, முதல்தொகையைக் கட்டத் தொடங்குவது 2028, முடிப்பது 2043. சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு சுமார் 4.2 பில்லியனுக்குத் தனி ஒப்பந்தம்.

பிணைமுறிக்காரர்கள் 2024 டிசெம்பரில் முதல்தொகையில் 27 வீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதிலும் ஒரு நிபந்தனை: எங்கள் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால், விட்டுக்கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். என் கணக்கில் இது ஆழம் போதாத நிவாரணம். மூச்சுவிட இடம் தந்தது, அது உண்மை. அடுத்த பெரிய அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்குச் சுமை இறங்கவில்லை.

நான் புறக்கோட்டையில கடையில நிக்கிறன். என்ர ஈபிஎப் காசில கை வச்சவங்களோ?

வைத்தார்கள், அண்ணை. மீதிக் காசு குறைந்ததாக உங்கள் கணக்குக் கூற்றில் தெரியாது, அதனால்தான் பலருக்குப் புரியவில்லை. உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகிறது. அந்த நிதியம் அதில் பெரும்பகுதியைத் திறைசேரி முறிகளில் போட்டிருந்தது, அதாவது அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுத்திருந்தது. 2023இல் அந்த முறிகளை வாங்கிக்கொண்டு, 2027 முதல் 2038 வரை முதிரும் புது முறிகளைக் கொடுத்தார்கள். வட்டி 2026 வரை 12 வீதம், அதன்பின் 9. சம்மதிக்காவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கு வரி 14இல் இருந்து 30 வீதமாக ஏறும் என்று சட்டம் போட்டார்கள். சம்மதிக்காமல் என்ன செய்ய முடியும்?

அங்கத்தவருக்கு ஆகக்குறைந்தது 9 வீதம் தருவோம் என்று சொன்னார்கள். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டிருந்தது. ஓய்வுக்கு என்று சேர்த்த காசின் பெறுமதி ஏற்கெனவே கரைந்துவிட்டது. அந்த இழப்பை ஈடுசெய்யக்கூடிய உயர்ந்த வட்டியையும் இந்த மாற்றம் பறித்தது. வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை, வங்கிகள் ஏற்கெனவே நலிந்திருக்கின்றன என்பது காரணம். வங்கி விழுந்தால் வைப்புக் காசு போகும், அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. என்றாலும் மேசையில் உட்கார்ந்து பேரம் பேச ஆளில்லாதவர்களிடம்தான் எடுத்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரும், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளையும், நாலாம் குறுக்குத் தெருவில் பருப்பு நிறுப்பவரும் நியூயோர்க் பிணைமுறிக்காரரைப் போல வழக்கறிஞரை வைத்துப் பேசவில்லை. கடன் நிவாரணம் நல்லதா என்று கேட்கும் யாரும், அதன் சுமை யார் தலையில் இறங்கியது என்பதையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

ஐஎம்எப் வந்தாலே சாமான் விலை ஏறுது. அதுவும் உதவியோ?

ஐஎம்எப், அதாவது சர்வதேச நாணய நிதியம், தருவதும் கடன்தான். 2023 மார்ச்சில் ஒப்புக்கொண்ட சுமார் 3 பில்லியன் டொலர், நான்கு வருடத்தில் துண்டு துண்டாக. இலங்கைக்கு இது பதினேழாவது ஏற்பாடு. தொகை பெரிதல்ல, நாணய நிதியத்தின் திட்டம் இருந்தால்தான் கடன் கொடுத்த மற்றவர்கள் பேச வருவார்கள், அதுதான் அதன் பலம்.

விலை ஏறியதில் ரூபாய் விழுந்தது பெரும்பங்கு. ஆனால் திட்டத்தோடு வந்த சுமையும் உண்டு. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. வற் வரி கோடீஸ்வரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே வீதம். உலக வங்கியின் மதிப்பீட்டில் வறுமை 2021இல் இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்காகி, நாலு பேரில் ஒருவர் என்ற நிலைக்கு வந்தது. ஈடாக 2023 ஜூலையில் வந்த, ஏழைக் குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவின் முதல் பட்டியலுக்கு எதிராக இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. வருமானத்தைக் கூட்டாமல் நாடு மீள முடியாது என்பதை ஏற்கிறேன். சொத்து உள்ளவரிடம் தொடங்காமல் சாப்பாட்டுச் சாமானில் தொடங்கியதை ஏற்கவில்லை.

உதவிக்காசு எல்லாம் அரசியல்வாதியின்ர பொக்கெற்றுக்குத்தானே போகுது?

கொஞ்சம் போகிறது, எல்லாம் போவதில்லை. எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கொழும்பில் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வண்டி, 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய நன்கொடையில் தொடங்கியது. பிறகு நாடு முழுக்கப் போனது, ஓடும் செலவை இலங்கை பொறுப்பேற்றது. வண்டி வந்ததா இல்லையா என்று எந்தச் சனத்துக்கும் தெரியும், மறைக்க இடமில்லை.

வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தவணை தவணையாக நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வந்தது. இடைத்தரகர் குறைவு. ஆனால் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியபோது தொகை போதாமல் பல குடும்பங்கள் நகையை அடகு வைத்துத்தான் கூரை போட்டன.

சுனாமிக் காசுதான் கசப்பான பாடம். உலகமே அள்ளிக் கொடுத்தது. சில கரைகளில் மீனவருக்குத் தேவைக்கு மேல் சிறு படகுகள், வேறு கரைகளில் வீட்டுக்கே வருடக்கணக்கில் காத்திருப்பு. வடக்கு கிழக்குக்கு உதவியைப் பகிர 2005 ஜூனில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் முக்கிய பகுதிகளில் இடைநிறுத்தியது. அங்கே காசு இருந்தது. அதைச் சனங்களிடம் சேர்க்கும் அரசியல் மனம் இருக்கவில்லை.

உதவியே வேண்டாம், சொந்தக் காலில நிற்பம் எண்டு சொன்னா என்ன பிழை?

எப்போது நிறுத்துவது என்பதில்தான் உயிர் போகிறது. மலேரியாவை எடுங்கள். 1963இல் இலங்கை முழுக்க 17 பேருக்கு மட்டுமே மலேரியா என்ற நிலைக்கு வந்திருந்தோம். வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பையும் செலவையும் குறைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தார்கள்.

பிறகு யுத்த காலத்தில்கூட வடக்கு கிழக்கில் வேலை நடந்தது. எங்கள் சுகாதாரத் துறையின் பூச்சியியல் ஊழியர்கள் இருந்தார்கள், எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலக நிதியத்தின் காசு வலைக்கும் பரிசோதனைக்கும் கைகொடுத்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. எங்கள் ஆட்களின் உழைப்பும் வெளியார் காசும் சேர்ந்து நடந்த காரியம். 2025இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தை மூடியபோது, ஆபிரிக்காவில் எச்ஐவி மருந்துக்கு வரிசையில் நின்றவர்களிடம் ‘சொந்தக் காலில் நில்’ என்று சொல்வது கொடுமை.

கட்டமாட்டம் எண்டு ஒரேயடியாச் சொன்னா என்ன செய்வாங்கள்?

வழக்குப் போடுவார்கள். 2012இல் ஆர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பலையே கானாத் துறைமுகத்தில் தடுத்து வைத்தார்கள், அமெரிக்க முதலீட்டு நிதியம் ஒன்றின் பழைய பிணைமுறிக்காக. சாம்பியாவின் பழைய கடனொன்றைச் சுமார் 3 மில்லியன் டொலருக்கு வாங்கிய நிறுவனம் 55 மில்லியன் கேட்டு லண்டனில் வழக்காடி, 2007இல் சுமார் 15 மில்லியன் பெற்றது. இலங்கைக்கு எதிராகவும் கரீபியன் தீவு வங்கி ஒன்று 2022 ஜூனில் நியூயோர்க்கில் வழக்குப் போட்டது.

இதைச் சட்டத்தால் அடக்க முடியும். 2010இல் பிரித்தானியா, மேலே சொன்ன ஏழை நாடுகள் திட்டத்துக்குட்பட்ட கடன்களில் நிவாரண அளவுக்கு மேல் யாரும் வழக்காடி எடுக்க முடியாது என்று சட்டம் இயற்றியது. நியூயோர்க்கும் அதைச் செய்தால் பேரத்தில் ஏழை நாடுகளின் கை ஓங்கும்.

ஊழல் செய்து வாங்கின கடனை நாங்கள் ஏன் கட்டவேணும்?

நியாயம் உங்கள் பக்கம். சட்டம் இன்னும் வரவில்லை. ஈக்வடோர் 2008இல் கணக்காய்வு செய்து, சில பிணைமுறிகள் முறையற்றவை என்று கட்ட மறுத்து, பிறகு ஒரு டொலருக்குச் சுமார் 35 சதம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அவர்களிடம் எண்ணெய்க் காசு இருந்தது, எங்களிடம் இல்லை. ஆனால் கணக்காய்வுக்கு எண்ணெய் தேவையில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு எடுத்தோம், யார் கையெழுத்து, எவ்வளவு போய்ச்சேர்ந்தது என்று பகிரங்கமாக வைக்கும்படி கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

விவாதத்தில எதிரணி, ‘கடனைத் தள்ளினா திரும்பவும் ஊதாரித்தனம்தான்’ எண்டு சொன்னா என்ன பதில்?

கடன் கொடுத்தவரின் ஊதாரித்தனத்தையும் கேளுங்கள். 8 வீத வட்டி கேட்டது ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துதான். ஆபத்துக்கான கூலியை வருடக்கணக்கில் வாங்கிவிட்டு, ஆபத்து வந்ததும் முழுக் காசும் வேண்டும் என்பது நியாயமில்லை. நட்டம் வரும் என்ற பயம் இருந்தால்தான் அடுத்தமுறை மத்தள போன்ற திட்டத்துக்குக் கடன் கொடுக்கும்முன் யோசிப்பார்கள்.

சாம்பியா பற்றிய பதிலில் சொன்னதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நிவாரணம் மட்டும் போதாது, புதுக் கடனுக்குப் பாராளுமன்றக் கட்டுப்பாடும் வேண்டும். பலவீனமான இடத்தை நீங்களே முதலில் சொன்னால் எதிரணிக்கு அதில் பிடி கிடைக்காது.

2028ல திரும்பக் கட்டத் தொடங்கேக்க இன்னொரு புயல் வந்தா?

இதுதான் எனக்கும் நித்திரையைக் கெடுக்கும் கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளோடு குடும்பங்கள் மண்ணுக்குள் போயின, களனி ஆறு பெருகி கொழும்பின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஒப்பந்தங்களில் போட்ட கணக்கு இந்தச் செலவை எதிர்பார்த்துப் போட்டதல்ல.

வழி இருக்கிறது. கிரெனடா என்ற சின்னத் தீவு 2015இல் கடனை மறுசீரமைத்தபோது, சூறாவளி அடித்தால் தவணை தானாகப் பின்போகும் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொண்டது. 2024இல் பெரில் சூறாவளி அடித்ததும் அதைப் பாவித்தது. யாரிடமும் கெஞ்சவில்லை, புதிதாகப் பேரமும் பேசவில்லை. இனி இலங்கை கையெழுத்துப் போடும் ஒவ்வொரு கடனிலும் அந்த வாசகம் இருக்கவேண்டும், ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களையும் 2028க்கு முன் திறந்து பேசவேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.